காண்டாமிருக வெடிக்கு ஒரு சத்தம்

மேடைக் கச்சேரியை ஊரே எதிரில் உட்கார்ந்து பார்க்கும். நான் வாத்தியத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தவன்.

சிவகாசி அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல். மேடையில் ஜமக்காளம், ஜமக்காளத்தின் மேல் ஒரு குட்டை பெஞ்சு, பெஞ்சின் மேல் மின்சார வாத்தியம். பெஞ்சின் முன்பக்கம் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. அந்தத் துணிக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். என் மூக்குக்கு நேரே ஞானமுத்து வாத்தியாரின் சம்மணம் போட்ட கால்கள். மேலே அவர் என்ன ராகம் வாசிக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் கால் பெருவிரலைத் தூக்கினால் சத்தத்தைக் கூட்ட வேண்டும், மடக்கினால் குறைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான்.

வெளியே பேரீச்சம்பழக்காரன் கூவுவதும், பிள்ளைகள் பலூனைத் தேய்க்கும் கீச்சொலியும் கேட்டன. என் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குள் கண்ணாடி வால்வுகள் சூடேறி, வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பைப் போல் ஒரு வாடை அடித்தது. வாத்தியார் கால் அன்று நடுங்கிக்கொண்டிருந்தது. காரணத்தைச் சொல்லாமல் அந்தக் காலை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

பினாங்கிலிருந்து வந்த பெட்டி

லாரியில் க்ளீனராக இருந்த பிழைப்பு போனது தனிக் கதை. அதற்கப்புறம் சில மாதங்கள் பட்டாசுக் கம்பெனி, சில மாதங்கள் ஒன்றுமில்லை. அரிசிக்குக் கியூவில் நின்ற காலம் அது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை யார் வேலைக்கு வைப்பார்கள்? வாத்தியார்தான் வைத்தார்.

ஞானமுத்து வாத்தியார் ஆமத்தூர்க்காரர். நிஜமாகவே மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துவிட்டு, திங்கட்கிழமை கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டும் வாசித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டில் ஒன்றைச் சொல்லும்" என்றார்கள். அவர் ஆர்மோனியத்தைச் சொன்னார். பென்சனோடு போகக்கூடிய உத்தியோகத்தை விட்டுவிட்டு, தபேலாக்காரர் ஒருவர், பாட்டுக்காரர்கள் இரண்டு பேர் என்று ஒரு கோஷ்டி சேர்த்தார்.

அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் மனைவி எஸ்தர் அக்காவின் சம்பளத்தில். அக்கா விருதுநகரில் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம். "ஏலே ஆறுமுகம், ஒங்க சார் சம்பாத்தியத்துல இன்னைக்கு ரசம். நாளைக்கு அந்த ரசத்தோட ஞாபகம்" என்பார்.

இந்த நிலையில்தான் பெட்டி வந்தது.

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த தவசிலிங்கம் முதலாளிக்குப் பினாங்கிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது அது. மூன்று ஸ்தாயிக் கட்டைகள். கீழே வரிசையாக வெள்ளை விசைகள், கிழவர் கட்டிய பல்செட் மாதிரி. ஒவ்வொரு விசையின் மேலும் ஒரு இங்கிலீஷ் எழுத்தோ எண்ணோ இருக்கும். எதைத் தட்டினால் எது என்று விளக்கும் புத்தகம் கப்பலிலேயே தங்கிவிட்டது. தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி. வாத்தியத்தின் அடியில் கரண்டி மாதிரி ஒரு இரும்புப் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலால் அதைத் தள்ளினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும்.

முதலாளிக்குச் சங்கீதத்தில் ஆர்வம் உண்டு. வாசிக்கிறவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற அளவுக்கு. அதனால் பெட்டியை வாத்தியாரிடம் வாசிக்கக் கொடுத்தார்.

நாற்காலியில்தான் சிக்கல் வந்தது. பொங்கல் கமிட்டிப் பெரியவர்கள், "பெரிய மனுசங்க முன்னால காலத் தொங்கப் போட்டு ஒக்காந்து வாசிக்கிறதா? கச்சேரின்னா தரையில ஒக்காரணும்" என்று சொல்லிவிட்டார்கள். தரையில் உட்கார்ந்தவருக்கு முழங்கால் கரண்டிக்கு எட்டாது. வெள்ளைக்காரன் முழங்காலுக்குச் செய்ததை நம் மரியாதை ஒரு ஆளைப் படுக்கவைத்துச் சரிக்கட்டியது. அந்த ஆள் நான்.

கிளி, ரயில், அழுகிற குழந்தை

விருதுநகரில் காலியாகக் கிடந்த ஒரு பருத்திக் குடோனில் ஒத்திகை. பஞ்சுத்தூசு எங்கள் மூக்கிலும் இருக்கும், கட்டைகளின் இடுக்கிலும் இருக்கும். பக்கத்து ஆலையில் மிஷின் ஓடத் தொடங்கினால் கரண்டு இறங்கும், பெட்டியின் சுருதியும் கூடவே இறங்கும். பாடுகிறவர் மேலேயே நிற்பார். யார் தப்பு என்று சண்டை நடக்கும்.

வாத்தியார் ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக. ஒரு சேர்க்கையில் மகுடி வந்தது. இன்னொன்றில், மூக்கடைத்த ஆள் புல்லாங்குழல் வாசிப்பது மாதிரி ஒன்று. கடைசிக் கட்டையை அழுத்திக்கொண்டு நான் கரண்டியைத் தள்ளித் தள்ளி விட்டால் ரயில் கிளம்பும். மேல் கட்டைகளில் இரண்டை வழுக்கினால் பச்சைக் குழந்தை அழும். அது அழுதபோது பக்கத்துக் குடோனிலிருந்து ஒரு அம்மா வந்து, "பிள்ளைக்குப் பாலக் குடுங்கய்யா, பாவிகளா" என்று திட்டிவிட்டுப் போனார். எங்களுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

எந்தச் சத்தத்துக்கு எந்த விசைகள் என்று ஞாபகம் வைக்க வேண்டுமே. அதற்குச் சிவகாசி கைகொடுத்தது. அச்சாபீஸ் வாசலில் கழிவுத் தீப்பெட்டி லேபிள்கள் மலையாகக் கிடக்கும். அதைப் பொறுக்கிவந்து, சோற்றுப் பருக்கையால் விசைகளின் மேல் ஒட்டினோம். கிளிப் படம் ஒட்டிய விசைகளை எல்லாம் சேர்த்துத் தட்டினால் புல்லாங்குழல். ரயில் படம் ரயில். குழந்தைக்குத் தவழும் கண்ணன் படம். கொஞ்ச நாளில் பினாங்குப் பெட்டி பெட்டிக்கடை அலமாரி மாதிரி ஆகிவிட்டது. பார்க்க அசிங்கம். வாசிக்கச் சௌகரியம்.

உபயம்

தவசிலிங்கம் முதலாளியைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். கோயில் மண்டபத்துக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார். உபயம் என்று அதில் தன் பெயர், தகப்பனார் பெயர், கம்பெனி பெயர், ஊர் பெயர் எல்லாம் சிவப்பு மையில் எழுதச் சொன்னார். மீதி இருந்த இடத்தில் வந்த வெளிச்சத்தில் சாமி இருக்கிறதா இல்லையா என்பது பூசாரிக்கு மட்டும் தெரியும்.

அப்படிப்பட்டவர் பெட்டியைச் சும்மா கொடுப்பாரா? ஒருநாள் குடோனுக்கு வந்தார். கிளி, ரயில், குழந்தை எல்லாவற்றையும் கேட்டார். நாற்காலி தேடினார், இல்லாததால் பருத்தி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. நம்ம சத்தம் எங்க?"

"எந்தச் சத்தம் அண்ணாச்சி?"

"நம்ம வெடி. பொங்கலன்னைக்கு ஊர்ச் சனம் அம்புட்டும் கேக்க, இந்தப் பெட்டியில நம்ம காண்டாமிருக மார்க் வெடிச் சத்தம் வரணும். வந்துச்சுன்னா பெட்டி ஒங்களுக்கே. எழுதிக் கேட்டாலும் எழுதித் தாரேன். வரலைன்னா மருமகன் வீட்டு ரேடியோ பக்கத்துல வச்சிருவேன். அங்கன ஒரு பெரிய பொருள் கொறையுது."

வாத்தியார் பெட்டியைப் பார்த்தார். அதற்குள் அவர் ஆர்மோனியத்தை விற்றுவிட்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கும் திரும்ப முடியாது. இந்தப் பெட்டி போனால் அவர் கையில் இருப்பது பத்து விரல் மட்டும்.

"செஞ்சிருவோம் அண்ணாச்சி" என்றார்.

காது உள்ள ஊர்

வெளியூர்க்காரர்களுக்கு வெடி என்றால் வெடி. எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. தீபாவளியன்று காலையில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன், தெருக்கோடியில் வெடித்ததைக் கேட்டு இன்ன கம்பெனி என்று சொல்வான். காகிதச் சுற்று இறுக்கமா தளர்வா, மருந்து காய்ந்ததா அரைகுறையா, எல்லாம் சத்தத்தில் தெரியும். பந்தயம்கூடக் கட்டுவார்கள். அரைநாளாவது வெடி சுற்றியவர்களே தெருவில் பாதி என்பதால் இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பால்காரனுக்குப் பால் தெரிகிற மாதிரிதான்.

காண்டாமிருக மார்க்கின் சத்தமும் ஊருக்குத் தெரியும். முதலில் "டொப்" என்று, ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி. பிறகு "புஸ்ஸ்". சமயத்தில் முதல் பாதி வராது. நான் அந்தக் கம்பெனியில் காயப்போடும் களத்தில் வேலை பார்த்தவன். காரணம் தெரியும். மூன்று நாள் காயவேண்டிய சரக்கை ஒரு நாளில் எடுத்துக் கட்டச் சொல்வார்கள். சீசனில் அந்த ஒரு நாளும் கிடையாது. எனக்குப் பக்கத்தில் வேலை செய்தவனுக்குப் புருவம் ஒருநாள் கருகியது, திரும்ப முளைக்கவே இல்லை. என் புருவம் இருக்கும்போதே நான் வெளியே வந்துவிட்டேன்.

லேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சாபீஸ் ஓவியர் காண்டாமிருகத்தைப் பார்த்ததில்லை. முதலாளியும் பார்த்ததில்லை. பன்றி வரைந்து மூக்கில் ஒரு கொம்பு வைத்தார்கள். பிள்ளைகள் கடையில் போய் "பன்னி வெடி" என்றே கேட்பார்கள்.

முதலாளியின் தம்பி வேறு கம்பெனி வைத்திருந்தார். பாகம் பிரித்தபோது அண்ணன் நிலத்தைக் கேட்டார், தம்பி பழைய வேலையாட்களைக் கேட்டார். தம்பியுடையது முயல் மார்க். சுருக்கென்று "டமார்", அதற்குப் பின்னால் வெண்கலச் சட்டியைச் சுண்டியது போல் ஒரு சின்ன ரீங்காரம். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு முயலிடம் ஒரு காண்டாமிருகம் ஒவ்வொரு தீபாவளிக்கும் தோற்றுக்கொண்டிருந்தது.

பம்பாயில் வெடிக்கிற மாதிரி

வாத்தியார் நேர்மையாகத் தொடங்கினார். பள்ளிக்கூடத்துப் பழக்கம். கடையில் காண்டாமிருக வெடி வாங்கிவந்து குடோன் வாசலில் கொளுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டார். வெடித்தவை கொஞ்சம்தான். விசைகளை மாற்றி, கடைசிக் கட்டையைத் தட்டி, என்னைக் கரண்டியைச் சட்டென்று விடச் சொல்லி, நாலைந்து நாளில் கொண்டுவந்துவிட்டார். "டொப். புஸ்ஸ்." அச்சு அசல். தபேலாக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார்.

முதலாளி வந்து கேட்டார்.

"யார் வெடி இது?"

"நம்மதுதான் அண்ணாச்சி."

முதலாளி பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டோம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"வாத்தியாரே, இது உள்ளூர்ல வெடிக்கிற மாதிரி இருக்கு. பம்பாய்ல வெடிக்கிற மாதிரிப் போடுங்க."

பம்பாயில் அது எப்படி வெடிக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மறு ஆர்டர் கொடுப்பதில்லை.

அதன்பின் எந்த விசையைத் தட்டினாலும் பெரிய வெடி வரவில்லை. அந்தப் பெட்டி பாடுவதற்குச் செய்தது. அதட்டினால் கனைத்தது, அவ்வளவுதான். பொங்கல் நெருங்கியது. வாத்தியார் சாப்பிடும்போதுகூட இலை ஓரத்தில் விரல் தட்டிக்கொண்டிருந்தார்.

விடை என் மண்டையில் கிடைத்தது. கரண்டிக்கு அடியில் படுத்திருந்தவன் ஒரு மத்தியானம் தூங்கிவிட்டேன். வாத்தியார் கூப்பிட்டதும் விழித்து எழுந்த வேகத்தில் ஸ்பீக்கர் பெட்டியில் முட்டினேன். உள்ளே வால்வு அதிர்ந்து, குடோனே தூக்கிப் போட்ட மாதிரி ஒரு "டமார்". கூரையிலிருந்து பஞ்சு உதிர்ந்தது.

வாத்தியார் என் மண்டையைத் தடவவில்லை. "ஏலே, இன்னொருக்கா முட்டு" என்றார்.

பிறகு மண்டைக்குப் பதில் குதிகால் என்று ஏற்பாடு. ஸ்பீக்கர் பெட்டியின் இடது பக்கம், கீழிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரே உதை. வாத்தியார் மேலே காண்டாமிருக லேபிள் ஒட்டிய விசையைத் தட்டுவார். அது பார்ப்பவர்களுக்கு. பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த வாத்தியத்தில் நாங்கள் கண்டுபிடித்த மிக உயர்ந்த ஒலி, அதை உதைத்தால் வருவது.

உதைத்து முடித்ததும் கூர்ந்து கேட்ட வாத்தியாரின் முகம் மாறியது. சத்தத்துக்குப் பின்னால் வால்வின் ரீங்காரம் கொஞ்ச நேரம் நின்று அடங்கியது.

"ஆறுமுகம், இது முயலுல்லா?"

"மொதலாளி காதுல காண்டாமிருகமா விழுந்தாச் சரி சார்."

முதலாளி காதில் அப்படித்தான் விழுந்தது. கேட்டுவிட்டு என்னைத் தவிர எல்லோரையும் தட்டிக்கொடுத்தார். நாங்கள் ஒரு காதைத் திருப்தி செய்தோம். ஊருக்கும் காது இருக்கிறது என்பதை மறந்துபோனோம்.

மேடை

இப்போது வாத்தியாரின் கால் ஏன் நடுங்கியது என்று தெரிந்திருக்கும்.

கிளி குழல் ஊதியது, கைதட்டினார்கள். ரயில் போனது, விசில் அடித்தார்கள். குழந்தை அழுதபோது கூட்டத்தில் நிஜக் குழந்தைகள் நாலைந்து சேர்ந்து அழுதன. முதலாளி முன்வரிசையிலிருந்து எழுந்து மைக்கைப் பிடித்தார். இந்த வாத்தியம் தன்னுடைய உபயம் என்றார், தகப்பனார் பெயரையும் சொன்னார். "இப்ப நம்ம காண்டாமிருக மார்க் வெடி, மின்சாரத்துல!"

பெருவிரல் உயர்ந்தது. உதைத்தேன்.

டமார்.

ரீங்காரம் அடங்குகிற வரை கூட்டம் கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "முயலு!"

"முயலேதாம்லே!" என்றான் இன்னொருவன். சிரிப்பு அலையாக வந்தது. துணி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். தம்பி முதலாளி முன்வரிசையின் மறுகோடியிலிருந்து நிதானமாக மேடை ஏறி, தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து வாத்தியாருக்குப் போர்த்தினார்.

"நம்ம வெடிய மேடையேத்திட்டீகளே வாத்தியாரே. ரொம்ப சந்தோசம். அண்ணனுக்கும் சந்தோசம்."

"எறங்குலே கீழ" என்றார் அண்ணன். "அது என் வெடி."

"அப்படியா அண்ணே? எப்பருந்து?"

கூட்டத்தில் எவனோ, "கொளுத்திக் காட்டுங்க மொதலாளி! ஒண்ணு கொளுத்துனாத் தெரிஞ்சிரும்!" என்றான். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. கொளுத்து, கொளுத்து என்று தாளம் போட்டார்கள்.

மறுத்தால் மானம் போகும். முதலாளி வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கு ஒமக்கு" என்று மெதுவாகத்தான் சொன்னார். மைக் அருகில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

கடையிலிருந்து ஒரு வெடி வந்தது. மேடைக்கு முன்னால் மணலில் வைத்து, முதலாளியே ஊதுபத்தியால் கொளுத்திவிட்டு ஓடிவந்தார். அந்த உடம்புக்கு நல்ல ஓட்டம். திரி எரிந்தது, சீறியது, உள்ளே போனது.

ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. திரி உள்ளே போய் வெடிக்காத வெடியிடம் யாரும் போகக் கூடாது. யாரும் போகவில்லை. வெடி மணலில் கிடந்து பீடி மாதிரி புகைந்தது. அவ்வளவு கூட்டமும் ஒரு காகிதச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதலாளி அதைப் பார்க்கவில்லை. எங்கள் பெட்டியையே பார்த்தார். நாளைக் காலையில் அது மருமகன் வீட்டில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நான் வாத்தியாரின் பெருவிரலைப் பார்த்தேன். அது உயரவும் இல்லை, மடங்கவும் இல்லை. எனக்கு உத்தரவு கிடையாது.

அப்புறம் அந்தச் சம்மணம் பிரிந்தது. பெரிய மனுசர்கள் முன்னால் கால் நீட்டக் கூடாது என்று மூன்று மாதம் மடக்கியே வைத்திருந்த கால், வேட்டியை விலக்கிக்கொண்டு நீண்டு வந்தது. என் மூக்கை உரசிக்கொண்டு போய் ஸ்பீக்கர் பெட்டியில் இறங்கியது.

டமார்!

பின்னால் நின்றவர்களுக்கு மணல் தெரியாது. அவர்கள் துண்டை வீசிக் கத்தினார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும், வெடி முழுசாகக் கிடந்தது. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. முதலாளி இரண்டு கையையும் தூக்கிப் பின்வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கேட்டீகளா? நம்ம வெடி!" என்றார் மைக்கில். நம்பிவிட்டார் என்றே நினைக்கிறேன். "சொன்ன சொல்லு சொன்னதுதான். பெட்டி வாத்தியாருக்கே!"

தம்பி முதலாளி இறங்கும்போது வாத்தியார் காதில் ஏதோ சொன்னார். பிறகு கேட்டேன். "எங்க அண்ணன் வெடி நல்லா வெடிச்சு இன்னைக்குத்தான் வாத்தியாரே நானும் கேக்கேன்" என்றாராம்.

காலை

மறுநாள் காலை ஆமத்தூரில் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். பெட்டி கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்தி, கிறிஸ்துமஸ் கேக் மாதிரி இருந்தது. அவர் அதன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெருவிரல் நகம் பெயர்ந்து, பாதம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. எஸ்தர் அக்கா டியூட்டிக்குப் போகிற வெள்ளைச் சேலையில் தரையில் உட்கார்ந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். டிஞ்சர் வாடை வீடு முழுக்க.

"என்ன காயம்னு கேட்டா என்ன சொல்லுவீக?" என்றார் அக்கா.

"காண்டாமிருக வெடி" என்றார் வாத்தியார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. துணியை ஒரு சுற்று இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"நானும் ஆஸ்பத்திரியில எத்தனையோ வருசமாக் கட்டுப் போடுதேன். அந்த வெடியச் செய்யப் போயி கருகி வந்தவுக நெறையப் பேரு. அது வெடிச்சு வந்த மொத ஆளு நீங்கதான்."